கெலிஓயாப் பட்டறையில் எழுந்த ஒரு வினா: நெம்புருட்டண்டின் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறிச்செல்லும் பெருந்தெருவில், மகாவலி கங்கையை ஒட்டி அமைந்த சிறு நகரம் கெலிஓயா. இத்தெருவில் நுவரெலியா நோக்கிச் செல்லும் வாகனங்கள் கம்பளையைக் கடந்ததும் மலையேற வேண்டியவை. ஆதலின், பொறியின் வலு எவ்வளவு, அது எந்த வேகத்தில் பிறக்கின்றது என்னும் பேச்சு இவ்வட்டாரத்துப் பட்டறைகளில் ஓய்வதில்லை. டர்போ பூட்டிய பழைய யப்பானியக் கார்களை வைத்திருக்கும் இளைஞர் பட்டறைக்காரரிடம் கேட்கும் வினாக்களுள் ஒன்று, “இருநூற்று எழுபத்திரண்டா, இருநூற்று எண்பதா?” என்பதாகும். கேட்பவருக்கும் விடை சொல்பவருக்கும் அது விளங்கும். அயலில் நிற்பவருக்கு விளங்காது. அவ்வினாவின் பின்னே நிற்கும் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பட்டறையில் ‘காம் சாப்ட்’ என வழங்குவதை நம் நூல்கள் நெம்புருட்டண்டு எனக் குறிக்கும். சுழலும் தண்டொன்றின்மீது முட்டை வடிவான புடைப்புகள் உண்டு. அப்புடைப்பு வால்வைத் தள்ளித் திறக்கின்றது. புடைப்பு நகர, வில்லானது வால்வை மூடுகின்றது. நான்கடிப் பொறியில் இத்தண்டு மாற்றித்தண்டின் அரைவேகத்திற் சுழலும். 272 என்பது, மாற்றித்தண்டின் சுழற்சியில் எத்தனை பாகைக்கு அவ்வால்வு திறந்திருக்கின்றது என்பதன் அளவாகும். எண் கூடினால் உயர்வேகத்தில் உருளை நன்கு நிரம்பும், தாழ்வேகத்தில் நிரம்பாது. இது பேரம். இப்பேரம் இல்லாத நெம்புருள் எதுவும் கடைந்தெடுக்கப்பட்டதில்லை.

நெம்புருளின் தொன்மையை நாடிச் செல்வோர் அல்-ஜசாரியைச் சந்திக்காது மீள முடியாது. 1206ஆம் ஆண்டளவில் அவர் எழுதி முடித்த பொறிநூலில், நீரால் இயங்கும் இசைவாணர் படகொன்று விவரிக்கப்படுகின்றது. சுழலும் அச்சிற் பதித்த முளைகள் நெம்புகோல்களைத் தட்ட, பாவைகள் பறை கொட்டும். வட்டச் சுழற்சியை வேண்டிய நேரத்தில் நிகழும் அசைவாக மாற்றுவதே நெம்புருளின் தத்துவமெனின், அது இங்கே முழுமையாக உண்டு. இந்நூலின் 1354ஆம் ஆண்டுப் பிரதியொன்றிலிருந்து பிரிந்த ஏடுகள் அமெரிக்காவின் பொஸ்டன் அருங்காட்சியகத்தை அடைந்தன. அவற்றை ஆராய்ந்து 1924இல் தனிநூலாக வெளியிட்டவர் வேறு யாருமல்லர். கொழும்பிற் பிறந்த நம் ஆனந்த குமாரசுவாமியே. கண்டி நாட்டுக் கைவினைஞரின் தொழிலை ஊரூராகக் கண்டு 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலைத் தந்த அதே அறிஞர், பொறிப் பாவைகளின் ஏடுகளிலும் கைவினையின் அறிவைக் கண்டார் என்பது நினைக்கத்தக்கது. அவரை அழகியலாளராக மட்டும் போற்றும் நாம் அவரது இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் புரட்டுவதில்லை.

இடைப்பட்ட நூற்றாண்டுகளில் ஆலைகளின் உலக்கைகளையும் சம்மட்டிகளையும் தூக்கி விட்ட நெம்புருள், ஓட்டோ 1876இல் நான்கடிப் பொறியை நிலைநாட்டியபின் உள்ளெரி பொறியின் காலக்கணக்கனாயிற்று. வேகத்திற்கென அதன் வடிவத்தைத் தேடியவர்கள் பந்தயக்காரர்களே. 1912இல் பிரெஞ்சுப் பெரும்பந்தயத்தை வென்ற பேஷோ காரின் பொறியில், உருளைத் தலையின்மேல் இரு நெம்புருட்டண்டுகளும் உருளைக்கு நான்கு வால்வுகளும் இருந்தன. இன்று கெலிஓயாத் தெருவில் ஓடும் பற்பல கார்களின் உருளைத் தலை அந்த அமைப்பின் வழிவந்ததே. பின்னர், தொழிற்சாலை தந்த தண்டைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டும் வழக்கம் கலிபோர்னியாவில் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 1920களில் எட் வின்பீல்ட், உலகப்போருக்குப் பின் எட் இஸ்கெண்டேரியன் முதலியோர் நெம்புருள்களைத் தாமே அரைத்து விற்றனர். அவர்கள் வடித்த தண்டுகள் டர்போ அற்ற பொறிகளுக்கானவை. ‘பெரிய எண்ணே பெரிய வலு’ என்னும் நம்பிக்கை வேரூன்றியது அச்சூழலிலேயாம்.

டர்போவின் கதையோ வேறோர் ஆற்றின் வழி வந்தது. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூக்கி, கழிவு வாயுவாற் சுழலியைச் சுழற்றி அதனால் வளியை அமுக்கிப் பொறிக்கு ஊட்டும் முறைக்கு 1905இல் காப்புரிமை பெற்றார். அது பயன்தர இருபது ஆண்டுகள் பிடித்தன. 1925இல் டீசல் பொறியொன்றின் வலுவை ஏறத்தாழ 40 வீதம் உயர்த்திக் காட்டினார். இங்கே நம் வினாவுக்கு இன்றியமையாத செய்தியொன்று உண்டு. உள்ளிழுக்கும் வால்வும் வெளியேற்றும் வால்வும் ஒருங்கே திறந்திருக்கும் இடைவெளியை மேற்கவிவு எனலாம். பியூக்கி தம் வெற்றிக்கு அம்மேற்கவிவை வேண்டுமென்றே நீட்டினார். அமுக்கப்பட்ட தூயவளி உருளையினூடே புகுந்து எஞ்சிய புகையைத் துடைத்துக்கொண்டு வெளியேறிற்று, வால்வுகளும் குளிர்ந்தன. டீசல் பொறியில் அவ்வளியோடு எரிபொருள் இராமையால் இழப்பு வளி மட்டுமே.

ஆனால் நம் பட்டறைகளில் ஓதப்படும் மரபுவாக்கு இதற்கு நேர்மாறானது: “டர்போவுக்கு மேற்கவிவு நஞ்சு” என்பர். இம்முரண் எங்ஙனம் தோன்றிற்று? 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெற்பயர், செவ்ரொலே கோர்வெயர் ஆகிய கார்கள் டர்போவுடன் விற்பனைக்கு வந்தன. இவற்றில் எரிபொருள் காபுரேற்றரில் வளியோடு முன்னரே கலந்துவிட்டது. மேற்கவிவின்போது வெளியே தப்புவது வெறும் வளியன்று, பெற்றோற் கலவை. அத்தோடு, 1973இன் பி.எம்.டபிள்யூ 2002, எழுபதுகளின் இறுதியில் வந்த சாப் 99 முதலிய கார்களின் காலத்தில், டர்போ விரைவில் விழித்தெழ வேண்டுமெனச் சிறிய சுழலி பூட்டினால், உயர்வேகத்தில் அது கழிவுவாயுவுக்குத் தடையாகும். அப்போது வெளியேற்றக் குழாயின் அமுக்கம் உள்ளிழுக்கும் குழாயின் அமுக்கத்தை விஞ்சும். இரு வால்வுகளும் திறந்திருக்கும் கணத்தில் வாயு எத்திசை பாயும்? எரிந்த சூடான புகை பின்னோக்கி உட்குழாய்க்குள் ஏறும். அடுத்த அடியில் தட்டல் ஓசை எழும். எனவே மேற்கவிவு நஞ்சு என்றது அக்காலப் பொறிகளைப் பொறுத்தவரை முற்றிலும் உண்மை. அந்தக் காலத்து உண்மை, எக்காலத்துக்குமான விதியாக வாய்மொழியில் உறைந்துவிட்டது என்பதே எம் கருத்து. எரிபொருளை உருளைக்குள்ளேயே நேரடியாகத் தெளிக்கும் இன்றைய பெற்றோற் பொறிகள், தாழ்வேகத்தில் நெம்புருட் காலத்தை மாற்றி மேற்கவிவைக் கூட்டிப் பியூக்கியின் வழிக்கே மீண்டுள்ளமை இதற்குச் சான்று.

இலங்கையில் இவ்வினா எழுந்தமைக்கு அரசியற் பொருளாதாரக் காரணமும் உண்டு. 1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இருந்த காரைப் பழுதுபார்த்து ஓட்டுவதே பெரும்பாடு. 1977இன் பின் பொருளாதாரம் திறக்கப்பட, பாவித்த யப்பானிய வாகனங்கள் பெருகின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் தடைபட்டு, தனியார் கார்களுக்கு 2025இன் முற்பகுதியிலேயே தளர்ந்தது. அவ்வாண்டுகளில் பழைய பொறியைப் பேணியவன் அறிவாளியானான். அதன் உருளைத் தலையைப் பொருந்தாத தண்டொன்றால் உடைத்துக்கொண்டவன் மாற்றுக்கு எங்கே போவான்?

மிற்சுபிசியின் 4ஜி63 பொறியை எடுத்துக்கொள்வோம். 1,997 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய இது, 1992இல் வெளிவந்த லான்சர் எவொலூசன் முதல் அவ்வரிசையின் ஒன்பதாம் வடிவம் வரை பணிசெய்தது. 1996 முதல் 1999 வரை தொமி மக்கினென் நான்கு முறை உலக றலிச் சம்பியனானதும் இப்பொறியோடுதான். இதற்கென 264, 272, 280 பாகைத் தண்டுகள் சந்தையில் விற்கப்படுகின்றன. எண்ணை மட்டும் நோக்கி வாங்குவோர், இரு புடைப்புகளின் நடுக்கோடுகளுக்கிடையே உள்ள கோணத்தை நோக்குவதில்லை. அக்கோணம் 110 பாகையாயின், 272 தண்டு இணையின் மேற்கவிவு 52 பாகை. 264 இணைக்கு 44. அதே 272 தண்டுகளை 114 பாகைக் கோணத்திற்கு விரித்தால் மேற்கவிவு மறுபடியும் 44 ஆகிவிடும். இசைவு செய்யத்தக்க பற்சில்லுகள் இருப்பின் இவ்விரிப்பைப் பட்டறையிலேயே செய்யலாம். ஆயினும் முசலத்துக்கும் வால்வுக்கும் இடையிலான வெளியைக் களிமண் வைத்தேனும் அளந்த பின்னரே பொறியை முடுக்குதல் வேண்டும்.

வில்லையும் மறக்கலாகாது. 34 மில்லிமீற்றர் விட்டமுள்ள உள்வால்வின் முதுகில் 1.4 பார் மேலமுக்கம் தாக்கும்போது ஏறத்தாழ 13 கிலோகிராம் விசை அதனைத் திறக்க முயல்கின்றது. பழைய, தளர்ந்த வில் உயர்ந்த புடைப்பையும் இவ்விசையையும் ஒருங்கே தாங்காது. தண்டுக்குப் பணம் தேடியவர் வில்லுக்குத் தேடாமை நாம் அடிக்கடி காண்பது.

இனி, கெலிஓயாக்காரர் ஏறும் மலைக்கு வருவோம். 1918இல் அமெரிக்கப் பொறியியலாளர் சான்போர்ட் மொஸ், விமானப் பொறியொன்றை 4,300 மீற்றர் உயரமான பைக்ஸ் சிகரத்துக்குக் கொண்டேகி, கடல்மட்டத்தில் ஏறத்தாழ 350 குதிரைவலு தந்த அது சிகரத்தில் 230 அளவுக்கு இளைப்பதையும், டர்போ பூட்டியபின் இழந்ததை மீட்பதையும் காட்டினார். 1934 முதல் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் நிகழ்ந்துவரும் நுவரெலியா, கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர். அங்கே வளியமுக்கம் ஐந்திலொரு பங்கு குறைவு. உட்குழாயில் மொத்தம் 2 பார் வேண்டுமாயின், கொழும்பில் வளியை இரு மடங்காக அமுக்கினாற் போதும். நுவரெலியாவில் இரண்டரை மடங்காக அமுக்க வேண்டும். அம்மேலதிக உழைப்பைச் சுழலி கழிவுவாயுவிலிருந்தே பிடுங்குவதால் வெளியேற்றக் குழாயின் அமுக்கம் ஏறும். ஆகவே கொழும்பில் குற்றமின்றி ஓடிய நீண்ட மேற்கவிவு, மலைமேல் புகையைப் பின்னோக்கி விழுங்கும். மேலும் றம்பொடையின் கொண்டை வளைவுகளில் பொறியின் வேகம் அடிக்கடி வீழும். வீழ்ந்த இடத்திலிருந்து டர்போ மீண்டெழ வேண்டும். 280 பாகைத் தண்டு வலுப் பிறப்பைப் பின்தள்ளுவது இங்கேதான்.

தொழிற்சாலைச் சுழலியோடு இத்தெருவில் ஓடும் காருக்கு 264ஐயே யாம் பரிந்துரைப்போம். பெரிய சுழலியும் தக்க வில்லும் பொறிக்கணினியை மறுசீரமைக்கும் வசதியும் உடையவர், விரித்த கோணத்தோடு 272ஐ எண்ணிப் பார்க்கலாம். 280 நீண்ட நேர்பாதைக்குரியது. பேராதனைக்கும் நுவரெலியாவுக்கும் இடையே அத்தகைய பாதை இல்லை.