குமாசியின் ஆர்டரும் சிவகாசியின் ஆல்பமும்: ஓர் ஆப்பிரிக்க உருவப்படத்தை முன்வைத்து

மேற்கு ஆப்பிரிக்க நீர்த்தெய்வமான மாமி வாட்டாவின் உருவப்படத்தை இரவல் முகம் என்று சொல்வது ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டது. மூலம், 1880களில் ஹாம்பர்க்கின் ஃப்ரீட்லாண்டர் அச்சகம் வெளியிட்ட பாம்பாட்டிப் பெண்ணின் வண்ணக் கல்லச்சுப் படம். அதை 1955இல் பம்பாயின் ஸ்ரீராம் காலண்டர் கம்பெனி மறுபடி அச்சிட்டது. 12,000 படிகள் இன்றைய கானாவிலுள்ள குமாசிக்குக் கப்பலேறின. ஐரோப்பா வரைந்தது, இந்தியா அச்சிட்டது, ஆப்பிரிக்கா பெற்றுக்கொண்டது என்பதே அந்த வாதத்தின் சாரம்.

அந்த மறுபதிப்பை நான் வேறு விதமாக வாசிக்கிறேன். பம்பாய் அச்சகத்துக்கு மாதிரிப் படத்தை அனுப்பியவரே குமாசி வணிகர்தான். படமும் மாற்றமின்றியே அச்சானது. நெற்றிக்குப் பொட்டும் கழுத்துக்கு மாலையும் சேர்த்துப் பழகிய காலண்டர் தொழிலில் இது சாதாரணமல்ல. கேட்டவருக்கு எந்த முகம் வேண்டும் என்பதில் ஐயமே இருந்திருக்காது என்று ஊகிக்கலாம்.

ஊகத்துக்கு வலுச் சேர்ப்பது நைஜர் கழிமுகத்துப் பானி நகரில் ஜே. ஏ. கிரீன் 1901இல் எடுத்த புகைப்படம். அதிலுள்ள நீர்த்தெய்வத் தலையணி, மரத்தில் செதுக்கியது. அச்சுப்படத்தின் கூந்தலும் பாம்பும் அதில் அப்படியே அடையாளம் தெரிகின்றன. பம்பாய்ப் பதிப்புக்கு அரை நூற்றாண்டு முன்பே அந்த முகம் சடங்குக்குள் நுழைந்துவிட்டது. நீரோடும் பாம்போடும் சேர்ந்த தெய்வங்கள் அக்கரையில் முன்பே இருந்தன. படத்தில் பெண்ணின் கால்கள் தெரிவதில்லை. தெரியாத பாதியை மீனாகக் கண்டது ஆப்பிரிக்கக் கண். ஹாம்பர்க் ஓவியர் அதை நினைத்தே இருக்கமாட்டார். ஆக, 1955இன் பதிப்பு செல்வாக்கின் தொடக்கமல்ல, அங்கே வளர்ந்துவிட்ட தேவையின் விளைவு.

மூலம் ஜெர்மானியருடையதுதானே என்பார்கள். 1894இல் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்திலும் ஜெர்மன் தொழில்நுட்பர்கள் இருந்தார்கள். அதனால் நம் வீட்டு லட்சுமி ஜெர்மன்காரி ஆகிவிடவில்லை. இந்த ஆட்சேபத்துக்கு இதற்கு மேல் இடம் தரத் தேவையில்லை.

சிவகாசி, திருத்தங்கல் வட்டாரப் பட அச்சுக்கு இந்த வாசிப்பு பொருந்துமா என்பதே என் அக்கறை. நேரடித் தொடர்பு உண்டென்று நான் வாதிடவில்லை. ஆனால் இங்கும் ஆய்வு ஓவியரையே சுற்றி வருகிறது: கோவில்பட்டியில் கொண்டையராஜு (1898–1976), அவருடைய சீடர்கள், அவர்களுக்குப் பின்னால் ரவிவர்மா. படத்தைக் கேட்டு வாங்கிய ஆளுக்கு இந்த வம்சாவளியில் இடமே இல்லை. தொழிலோ வேறு மாதிரி நடக்கிறது. ஆடிப்பெருக்கையொட்டி ஆல்பம் வெளிவரும். ஏஜெண்டு அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். ஜவுளிக்கடைக்காரர் புரட்டிப் பார்த்து ஒரு முருகனைத் தள்ளி இன்னொரு முருகனைத் தேர்ந்தெடுப்பார். படத்தின் கீழே அவர் கடைப் பெயர் ஏறும். அடுத்த ஆண்டு ஆல்பத்தில் எந்த முகம் நீடிக்கும் என்பதில் தூரிகையைவிட அந்த விரலுக்குப் பங்கு அதிகம் என்றே நினைக்கிறேன்.

இதை உறுதி செய்ய மூல ஓவியங்கள் போதா. நீக்கப்பட்ட படங்களோடு பழைய ஆல்பங்களும், அச்சகங்களிலும் ஏஜெண்டுகளிடமும் மிஞ்சியுள்ள ஆர்டர் புத்தகங்களும் வேண்டும். நம் காப்பகங்கள் இதுவரை சேகரித்து வந்திருப்பது பெரும்பாலும் ஓவியங்களை மட்டுமே.