தரவு வலையமைப்பில் சமபங்கும் முன்பதிவும்: ஒரு வரலாற்று நோக்கு (1985–1998)

முன்னுரை

தொலைபேசி இணைப்பகம், ஓர் அழைப்பை ஏற்றதும் அது முடியும்வரை ஒரு தடத்தை அதற்கென்றே ஒதுக்கியது. தடம் இல்லையெனில் அழைப்பை மறுத்தது. இணையமோ தரவைச் சிறு பொதிகளாகப் பிரித்து, எவருக்கும் தனித்தடம் ஒதுக்காமல் அனுப்பியது. இப்பொதுவழியில் எவருக்கு எவ்வளவு பங்கு என்னும் வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகள் அனைத்தும், எதனை ஓர் அலகாக எண்ணுவது என்பதை முன்னரே முடிவுசெய்துகொண்டன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

நேகிளின் முன்மொழிவு

அக்காலத் திசைவிகள் பொதுவாக முதலில் வந்த பொதியை முதலில் அனுப்பின. நடுநிலையாகத் தோன்றிய இம்முறை, மிகுதியாக அனுப்புவோருக்கே மிகுதியான பங்கை அளித்தது. நெரிசலை உணர்ந்து வேகத்தைக் குறைத்த கணினியே இழப்புக்கு உள்ளாயிற்று. ஜான் நேகிள் 1985 டிசம்பரில் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 970, திசைவியின் நினைவகம் எல்லையற்றதாயினும் நெரிசல் தீராது எனக் காட்டியது. அனுப்பும் கணினி ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை அமைத்து, சுழற்சிமுறையில் வரிசைக்கு ஒரு பொதி அனுப்புவதே அவர் கூறிய தீர்வு.

அடுத்த ஆண்டு அக்டோபரில் நெரிசலின் கடுமை வெளிப்பட்டது. ஏறத்தாழ 400 கெஜ இடைவெளியில் இருந்த லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே தரவு வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. அனுப்பும் கணினி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வழிமுறையை வான் ஜேக்கப்சன் 1988இல் விளக்கினார். ஆயினும் அது அனுப்புவோரின் ஒத்துழைப்பையே நம்பியிருந்தது.

பொதியிலிருந்து பிட்டுக்கு

பொதிகளை எண்ணிப் பங்கிடின் பெரும்பொதி அனுப்புவோர் கூடுதல் பயன் பெறுவர். 1989இல் டெமர்ஸ், கேஷவ், ஷெங்கர் ஆகியோர் இக்குறையைக் களைந்தனர். ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒரு பிட் வீதம் அனுப்பினால் எப்பொதி எப்போது முடியும் எனக் கணித்து, அம்முடிவு நேர வரிசைப்படியே பொதிகளை அனுப்பினர். அவர்கள் கொண்ட அலகு கணினி அன்று, அனுப்புநர்–பெறுநர் இணையாகும். எனவே பலருடன் ஒரே நேரத்தில் உரையாடும் கணினி பல பங்குகளைப் பெற்றது.

முன்பதிவின் எழுச்சியும் தேக்கமும்

1993இல் பரேக்கும் கேலகரும், அனுப்பும் அளவு வரையறுக்கப்பட்டிருப்பின், எடையிட்ட சமபங்கு முறையால் தாமதத்துக்கு உச்சவரம்பு தரவியலும் என நிறுவினர். இதனால் சமபங்குக் கணக்கே முன்பதிவுக்கும் அடிப்படையாயிற்று. 1997 செப்டம்பரில் ஆர்.எஸ்.வி.பி. நெறிமுறை ஆர்.எஃப்.சி. 2205ஆக வெளிவந்தது. இதில் பெறுநரே பட்டையகலத்தைக் கோருவார். வழியிலுள்ள திசைவிகள் ஒவ்வொரு முன்பதிவையும் நினைவில் வைத்து, அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். எண்ணற்ற தரவோட்டங்கள் கூடும் முதுகெலும்பு வலையமைப்பில் இது பெருஞ்சுமை என்பதை அதே மாதம் வெளியான ஆர்.எஃப்.சி. 2208 சுட்டியது. 1998 டிசம்பரில் விளக்கப்பட்ட வேறுபடுத்திய சேவை முறை, தனி ஓட்டங்களை விடுத்துப் பொதிகளைச் சில வகுப்புகளாகப் பிரித்தது.

முடிவுரை

கணினி, உரையாடல், முன்பதிவு, வகுப்பு என அலகு மாறுந்தோறும் சமபங்கின் பொருளும் மாறியுள்ளது. அலகு முடிவான பின்னரே கணிதம் துல்லியமாகப் பங்கிடுகின்றது. அலகைத் தெரிவுசெய்வதோ செலவையும் நோக்கத்தையும் பொறுத்த மனித முடிவாகும். ஆகவே ஒரு வலையமைப்பு நியாயமாகப் பங்கிடுகின்றதா என ஆராய்வோர், அது எதனை ஒன்றாக எண்ணுகின்றது என்பதையே முதலில் காணவேண்டும்.