நின்ற இடத்தில் நெடும்பயணம்

கண்டியிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்படும் பஸ் வண்டி பேராதனையையும் பிலிமத்தலாவையையும் கடந்து கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கத் தொடங்கியதும், இருக்கையிற் சாய்ந்து கண்மூடியிருக்கும் பயணியும் ஒரு செய்தியை அறிந்துகொள்கிறார். மலையும் பள்ளமும் அவருக்குத் தெரியவில்லை. ஆயினும் வண்டி இடப்புறம் திரும்புகின்றதா, வலப்புறம் திரும்புகின்றதா, சாரதி பிரேக்கை மெல்ல மிதித்தாரா, பதறி மிதித்தாரா என்பனவெல்லாம் அவருடைய உடலுக்குத் தெரிந்துவிடுகின்றன. தோள் ஒருபுறம் சாய்கின்றது. கால் தானாகவே தரையில் ஊன்றிக்கொள்கின்றது.

இவ்வறிவைத் தருவது செவியின் உட்புறத்தே அமைந்துள்ள ஒரு சிறு உறுப்பாகும். அதிலுள்ள மூன்று அரைவட்டக் கால்வாய்கள் தலையின் சுழற்சியை உணர்கின்றன. அவற்றை அடுத்துள்ள இரு சிறு பைகள், நுண்ணிய சுண்ணக் கற்களின் துணைகொண்டு, சாய்வையும் வேகமாற்றத்தையும் உணர்கின்றன. வண்டியோட்டுவோர் கண்ணை மட்டும் நம்பி ஓட்டுவதில்லை. இவ்வுட்செவியையும், இருக்கை முதுகில் அழுத்தும் அழுத்தத்தையும் சேர்த்தே நம்புகின்றனர்.

இக்காலத்து இளைஞர் பலர் கணினித் திரையின் முன் அமர்ந்து, கையிற் சுக்கானும் காலிற் பிரேக்குமாக மோட்டார்ப் பந்தயம் பயில்கின்றனர். சிமுலேட்டர் என வழங்கும் இப்பொறியில் ஒரு குறை உண்டு. மணிக்கு இருநூறு கிலோமீற்றர் வேகத்தில் விரைகின்றோம் என்று கண் கூறுகின்றது. நாற்காலியில் அசையாது இருக்கின்றோம் என்று செவி கூறுகின்றது. இந்தப் பிணக்கினாற் சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாகின்றன. கண்ணையும் செவியையும் இணக்கப்படுத்துவதற்காக, இருக்கையையே ஆட்டியும் சாய்த்தும் கொடுக்கும் அசைமேடை ஒன்றை அவர்கள் தம் வீட்டிலேயே கட்டிக்கொள்கின்றனர். இது புத்தம் புதிய விளையாட்டுப் போலத் தோன்றலாம். ஆனால், இதன் வரலாறு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுப் பழமையுடையது. அது தொடங்கியதும் ஒரு தொழிற்கூடத்தின் நிலவறையிலேதான்.

விமானம் தோன்றிய காலத்தில், பறக்கப் பழகுவதும் உயிரைப் பணயம் வைப்பதும் ஒன்றாகவே இருந்தன. 1910ஆம் ஆண்டளவிற் பிரான்சு நாட்டில் அன்ரொனெற் விமானக் கம்பனியார் ஓர் உபாயம் கண்டனர். பீப்பாயை அறுத்து, ஒரு பாதியின்மேல் மற்றொரு பாதியை அமைத்து, அதன்மேல் மாணவனை இருத்தினர். உதவியாளர் கையாற் பிடித்து ஆட்ட, அவன் தன் கைச்சக்கரங்களைத் திருப்பி நிலையைச் சரிசெய்யப் பழகினான். மனிதர் ஆட்டிய அப்பீப்பாயே இன்றைய அசைமேடைகளுக்கு மூதாதை எனலாம்.

அதனை உண்மையான யந்திரமாக்கியவர் அமெரிக்கராகிய எட்வின் லிங்க். 1904இற் பிறந்த அவர், 1920ஆம் ஆண்டிலே ஐம்பது டொலர் கொடுத்துத் தமது முதலாவது பறத்தற் பாடத்தைப் பெற்றார். ஆசிரியர் அவரை ஏற்றிக்கொண்டு வானிற் குட்டிக்கரணம் அடித்து இறங்கினார். மாணவரோ சுக்கானைத் தொடவும் வாய்ப்பின்றி வீடு திரும்பினார். ஏழை இளைஞன் ஒருவன் இவ்வாறு எத்தனை ஐம்பது டொலரைச் செலவிட முடியும் என்ற கேள்வி அவர் உள்ளத்திற் பதிந்தது.

லிங்கின் தந்தையார் நியூயோர்க் மாநிலத்துப் பிங்ஹம்டன் நகரிற் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். ஆர்கன் வாத்தியத்துக்குக் காற்றூட்டும் துருத்தி, குழாய், வால்வு ஆகியவற்றின் நுட்பம் மகனுக்குக் கைவந்த கலை. அத்தொழிற்சாலையின் நிலவறையில், 1927ஆம் ஆண்டு முதல் 1929ஆம் ஆண்டு வரை, அத்துருத்திகளைக்கொண்டே அவர் ஒரு சிறு விமானத்தைக் கட்டினார். குட்டைச் சிறகுகள் கொண்ட ஒரு மரப்பெட்டி, எப்பக்கமும் சாயத்தக்க மூட்டு ஒன்றின்மேல் நின்றது. அடியில் இருந்த துருத்திகளிலிருந்து மின்சாரப் பம்பி காற்றை உறிஞ்சியது. உள்ளே இருப்பவர் சுக்கானை அசைக்க, வால்வுகள் திறந்து மூடின. ஒரு துருத்தி சுருங்க, எதிர்த்துருத்தி விரிய, பெட்டி சாய்ந்தது. தம் கையில் இருந்த தொழிலின் பொருளைக்கொண்டே புதிய தேவையை அவர் நிறைவேற்றினார் என்பது இங்கு கருதத்தக்கது.

உலகம் அதனை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. 1931இல் வழங்கப்பட்ட அவருடைய காப்புரிமையிலேயே அக்கருவி மாணவ விமானிகளுக்குரிய பயிற்சிச் சாதனமென்றும் கேளிக்கைச் சாதனமென்றும் ஒருங்கே கூறப்பட்டிருந்தது. முதலில் அதனை விரும்பி வாங்கியோர் கேளிக்கைப் பூங்காக்காரரே. காசு போட்டு ஏறிச் சிறுவர் ஆடும் குதிரையின் நிலைமையில் அது சில காலம் இருந்தது.

1934ஆம் ஆண்டில் நிலைமை மாறிற்று. அவ்வாண்டு பெப்ரவரியில் அமெரிக்கத் தபாலை விமானத்திற் கொண்டுசெல்லும் பொறுப்பு இராணுவ விமானப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. பனிக்காலத்து இருளிலும் மூடுபனியிலும், மானிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சியில்லாத இளம் விமானிகள் பலர் முதற் சில வாரங்களிலேயே மாண்டனர். அப்போது லிங்க், படை அதிகாரிகளைச் சந்திக்க மோசமான வானிலையிற் பறந்து சென்று நியூவார்க் விமானத்தளத்தில் பத்திரமாக இறங்கினார். இத்தகைய வானிலையில் எவரும் வரமாட்டார் என்று எண்ணியிருந்த அதிகாரிகளுக்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. ஒன்று 3500 டொலராக ஆறு பொறிகள் வாங்கப்பட்டன. விளையாட்டுப் பொருள் உயிர்காக்கும் பொருளாயிற்று.

நம் மலைநாட்டிலும் 1934ஆம் ஆண்டு ஒரு வகையில் நினைவுகூரத்தக்கதே. நுவரெலியாவுக்கு அண்மையில் மகாகஸ்தோட்டை மலையேற்ற மோட்டார்ப் பந்தயம் தொடங்கியது அவ்வாண்டிலேதான். செங்குத்தான வளைவுப் பாதையில் எவர் குறைந்த நேரத்தில் ஏறுகின்றார் என்பதே போட்டி. அங்கு பழகுவதற்குப் பொறி ஏதும் இல்லை. பாதையே பள்ளி, பள்ளமே தண்டனை.

இரண்டாம் உலகப் போரில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட லிங்க் பொறிகள் செய்யப்பட்டன. ஏறத்தாழ ஐந்து இலட்சம் விமானிகள் அவற்றிற் பயின்றனர். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் கண்டிக்கு வந்து பேராதனைத் தாவரவியற் பூங்காவில் அமைந்தது. அங்கு வகுக்கப்பட்ட திட்டங்களுக்குப் பர்மாவின் மலைகளையும் மழைமேகங்களையும் கடந்து பறப்பது இன்றியமையாததாயிற்று. வெளியே யாதும் தெரியாத மேகத்தினுள் மானிகளை நம்பிப் பறக்கும் அவ்வித்தையை, நேச நாட்டு விமானிகள் பலர் நீலப்பெட்டி என்று செல்லப்பெயர் பெற்ற லிங்க் பொறிக்குள் இருந்தே கற்றனர்.

அடுத்த படி இறப்பர்த் தொழிலினின்று வந்தது. 1876இற் கியூ தோட்டத்திலிருந்து இலங்கைக்கு வந்த இறப்பர் நாற்றுக்கள் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் வளர்க்கப்பட்டமையை நேயர் அறிவர். அந்த மரத்தின் பாலால் உலகெங்கும் சக்கரங்கள் உருண்டன. சக்கரத்தின் ரயர் பலவகைப் பாரங்களை எவ்வாறு தாங்குகின்றதென்று சோதிப்பதற்காக, 1950களில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், டன்லொப் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் கஃப் என்னும் பொறியியலாளர் ஒரு மேடையை அமைத்தார். நீளவும் குறுகவும் வல்ல ஆறு கால்களின்மேல் அது நின்றது. கால்களின் நீளத்தை மாற்றுவதன் மூலம் மேடையை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் நகர்த்தலாம். மூன்று அச்சுக்களிலும் திருப்பலாம். ஆறு கால்கள், ஆறு அசைவுகள்.

1965இல் ஸ்டீவர்ட் என்பார் விமானப் பயிற்சிப் பொறிக்கு ஆறு அசைவுள்ள மேடை பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டார். அமெரிக்காவிற் கிளவுஸ் கப்பல் என்பாரும் தனித்து அதே வடிவை அடைந்திருந்தார். இன்று உலகம் அதனை ஸ்டீவர்ட் மேடை என்றே பெரும்பாலும் அழைக்கின்றது. முதலிற் செய்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றொருவர். வரலாற்றில் இது புதிதன்று. பெரிய விமானக் கம்பனிகளின் பயிற்சிக் கூடங்களில் எண்ணெய் அமுக்கத்தால் இயங்கிய அம்மேடைகள் பல தொன் எடையுடையனவாயும், பெருஞ்செல்வம் வேண்டுவனவாயும் இருந்தன. லிங்கின் நிலவறையிற் பிறந்த குழந்தை அரண்மனைக்குப் போய்விட்டது.

அது மீண்டும் எளியவர் வீட்டுக்கு வந்த கதை அண்மைக் காலத்தது. 2005ஆம் ஆண்டளவில் இத்தாலியின் இவ்ரேயா நகரில், மாணவர் பயன்பாட்டுக்காக அர்டுயினோ என்னும் மலிவான சிறு மின்னணுப் பலகை உருவாயிற்று. பந்தய விளையாட்டு மென்பொருள்கள் வண்டியின் வேகமாற்றத்தையும் சாய்வையும் எண்களாக வெளியே தருவனவாயின. எண்ணைப் பலகை பெற்று மோட்டருக்குக் கட்டளையிடும். மோட்டர் இருக்கையைச் சாய்க்கும்.

வேண்டும் பொருள்களோ எந்தக் கராஜிலும் காணத்தக்கவை. பழைய வண்டியின் இருக்கை ஒன்று. அதனைத் தாங்க, எப்பக்கமும் மடங்கும் மூட்டு ஒன்று. கண்ணாடி துடைக்கும் வைப்பர் மோட்டர் இரண்டு. அவற்றை இருக்கையோடு இணைக்கும் கம்பிகள். மோட்டரின் அச்சு எவ்வளவு திரும்பியது என்பதைத் திருப்பி அறிவிக்கும் மாறுதடை இரண்டு. மோட்டர் இரண்டும் ஒருமித்துச் செல்ல இருக்கை முன்பின்னாகச் சாயும். எதிரெதிராய்ச் செல்லப் பக்கவாட்டிற் சாயும்.

சிறு சாய்வு பெருவேகத்தை எவ்வாறு உணர்த்தும் என்று வினவலாம். பிரேக் பிடிக்கும்போது உடல் முன்னே தள்ளப்படுகின்றது. திரையில் பாதை நேராகவே தெரிய, இருக்கை மெல்ல முன்னே சாய்ந்தால், புவியீர்ப்பின் ஒரு பங்கு அதே தள்ளுதலைத் தருகின்றது. பத்துப் பாகை சாய்ந்தால் உடல் எடையின் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு முன்னே இழுக்கும். செக்கனுக்கு ஏறத்தாழ மூன்று பாகைக்கு மேற்படாது சாய்த்தாற் பெரும்பாலோரின் உட்செவி அச்சுழற்சியை அறிவதில்லை. இவ்வாறு பூமியின் ஈர்ப்பையே கடன்வாங்கிச் செவியை நம்பவைப்பதுதான் இக்கலையின் இரகசியம்.

வீட்டிற் கட்டுவோர்க்கு எச்சரிக்கையும் வேண்டும். மனித உடலைத் தூக்கி ஆட்டவல்ல மோட்டர், இடையில் அகப்பட்ட விரலையும் நசுக்கும். கைக்கெட்டும் இடத்தில் ஓர் அவசர நிறுத்து ஆளியும், அசைவின் எல்லையில் உறுதியான தடுப்பும், தக்க பியூசும் இல்லாத மேடையில் ஒருவரும் ஏறலாகாது. அருகே குழந்தைகளை விடவும் கூடாது.

இவ்வளவும் பொழுதுபோக்குக்குத்தானா? 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவையில் நடைபெற்ற மோட்டார்ப் பந்தயத்தில், வண்டியொன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளரிடையே பாய்ந்ததால் ஏழுபேர் உயிரிழந்தனர். 2025 மே 11இற் கொத்மலையிற் பஸ் வண்டி பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எந்தப் பொறியும் இவ்விபத்துக்களைத் தடுத்திருக்கும் என்று கூறுவது நேர்மையாகாது. பாதையின் நிலை, வண்டியின் பழுது, சாரதியின் களைப்பு, பார்வையாளர்க்குரிய காப்பு எனக் காரணங்கள் பலவாக இருத்தல் கூடும். மேலும், பொறியில் அச்சம் இல்லை. விழுந்தால் மீண்டும் தொடங்கலாம் என்ற எண்ணம் சிலரைத் துணிச்சற்காரராக்கவும் கூடும்.

ஆயினும், நீண்ட இறக்கத்திற் பிரேக்கையே நம்பி ஓட்டினால் அது சூடேறி வலுவிழக்கும் என்பதையும், தாழ்ந்த கியரிலேயே இறங்கவேண்டும் என்பதையும், ஐம்பது பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒருவர் தவறுசெய்து கற்க முடியாது. தவறு செய்தாலன்றிச் சில பாடங்கள் மனத்திற் பதிவதுமில்லை. அத்தவற்றை உயிர்ச்சேதமின்றிச் செய்ய இடம் தருவது இப்பொறி. லிங்கின் ஆறு பொறிகளை இராணுவம் வாங்கியதும் இக்காரணத்துக்காகவே.

கடுகண்ணாவைப் பாதையை அமைத்த கப்டன் டோசனுக்கு எழுப்பிய கோபுரம் இன்றும் பாதையோரத்தில் நிற்கின்றது. அவர் 1829இற் காலமானார். மலையைக் குடைந்து பாதை சமைப்பது அத்தலைமுறையின் கடமையாயிருந்தது. அப்பாதையிற் பத்திரமாக இறங்கக் கற்பிப்பது இத்தலைமுறையின் கடமை. ஓர் இளைஞன் வீட்டு மூலையிற் பழைய இருக்கையையும் வைப்பர் மோட்டரையும் வைத்துக்கொண்டு இரவெல்லாம் உழைப்பானாயின், பெற்றோர் அதனை வீண் விளையாட்டென்று உடனே ஒதுக்கிவிடாதிருத்தல் நன்று. நம் தொழினுட்பக் கல்லூரிகள் அத்தகைய கைகளைத் தேடி அழைத்து, மலைப்பாதைச் சாரதிகளுக்கு ஏற்ற பொறியொன்றை ஆக்கும் பணியில் அவற்றை ஈடுபடுத்துதல் அதனினும் நன்று.