சிவப்பு இல்லத்தின் எழாத இரண்டாங்கட்டு

செங்கற்சுவர் என்றால் அதன்மேல் காரை பூசியே ஆக வேண்டும் என்பது நம்மவர் எண்ணம். பூசாத சுவரைக் கண்டால், பணமுடையால் பாதியில் நின்றுபோன வேலை என்றே கருதுவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்திலும் ஏறக்குறைய இதே மனப்போக்கு நிலவியது. செங்கல்லால் கட்டி, மேலே சாந்து பூசி, கோடு கிழித்து, வெட்டுக்கல் மாளிகைபோல் தோன்றச் செய்வது வசதி படைத்தோர் வழக்கமாயிருந்தது. செங்கல்லுக்கு வரியும் உண்டு. 1784-இல் வந்து 1850 வரை நீடித்த அவ்வரி எண்ணிக்கையைக் கொண்டு விதிக்கப்பட்டதால், சூளைக்காரர் கல்லின் அளவைப் பெரிதாக்கித் தப்பப் பார்த்தனர். பெரிய கல்லுக்கு இரட்டிப்பு வரி என்று அரசு அதற்கும் ஒரு விதி செய்தது. கோப்புகளோடு காலங்கழிக்கும் நமக்கு இதில் வியப்பொன்றும் இல்லை.

வரி நீங்கிப் பத்தாண்டு நிறைவதற்குள், லண்டனுக்குத் தென்கிழக்கே சுமார் பத்து மைலில், கென்ட் மாவட்டத்து அப்டன் என்னும் சிற்றூரின் பழத்தோட்டம் ஒன்றில் சிவப்பு இல்லம் எழலாயிற்று. தொடங்கியது 1859, முடிந்தது 1860. கட்டுவித்தவர் வில்லியம் மாரிஸ். பின்னாளில் கவிஞராகவும் கைவினைக் கலைஞராகவும் பொதுவுடைமையாளராகவும் புகழ்பெற்றவர். ஆக்ஸ்போர்டுக் குதிரைலாயப் பணியாளர் ஒருவரின் மகளான ஜேன் பர்டனை 1859-இல் மணந்து, குடித்தனம் நடத்தவே இவ்வீட்டை எழுப்பினார். வரைபடம் தீட்டியவர் நண்பர் ஃபிலிப் வெப். இருவரும் ஸ்ட்ரீட் என்ற கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் ஒன்றாகப் பணிபுரிந்தோர். அன்று ஒருவருக்கு வயது 25, மற்றவருக்கு 28.

வெப் செங்கல்லை மறைக்கவில்லை. சுவர் முழுதும் சுட்ட கல்லின் செந்நிறமே. கூரையும் செங்குத்தாகச் சரியும் செவ்வோடு. முகப்பின் இருபுறமும் ஒன்றுபோல் அமைய வேண்டும் என்ற பழைய கட்டுப்பாட்டையும் அவர் பொருட்படுத்தவில்லை. உள்ளே எந்த அறைக்கு எவ்வளவு ஒளி வேண்டுமோ, அங்கே அந்த அளவில் சாளரம் வைத்தார். மாடி நடையில் வட்டச் சாளரங்கள். அறைகளில் மேலும் கீழும் நகரும் சாதாரணச் சாளரங்கள், அவற்றின் மேல் தேவாலயங்களை நினைவூட்டும் கூர்நுனிச் செங்கல் வளைவுகள். அவ்வளைவு வெறும் அலங்காரமன்று. மேற்சுவரின் பளுவை இருபுறமும் இறக்கிவிடும் வேலையைச் செய்கிறது. மேல்மாடிக் கூடத்தின் கணப்படுப்பும் பூச்சின்றிச் செங்கல்லாலேயே உயர எழுந்துள்ளது. வேலை செய்யும் உறுப்பு வெளியே தெரிவதில் நாணமில்லை என்னும் இந்தத் துணிவே இவ்வீட்டின் சிறப்பு என்று நாம் கருதுகிறோம்.

குறையும் உண்டு. முக்கிய அறைகள் பல வடக்கு நோக்கியவை. வடக்கு வாசல் வீடு நம் ஊரில் விரும்பப்படுவது. கதிரவன் தென்வானிலேயே செல்லும் அந்நாட்டிலோ அது குளிருக்குத் தானே கதவு திறந்து விடுவதாகும்.

மாரிஸுக்கு ஏற்ற தட்டுமுட்டுகள் கடைகளில் கிடைக்கவில்லை. நண்பர்கள் விடுமுறை நாட்களில் வந்து சுவரோவியம் தீட்டினர். கூரையின் உட்புறத்தில் வண்ணக் கோலமிட்டனர். இந்தக் கூட்டுழைப்பிலிருந்தே 1861-இல் மாரிஸ், மார்ஷல், ஃபாக்னர் நிறுவனம் பிறந்தது.

வீடு 'ட' எழுத்தைப்போல் இரு புறங்களில் மட்டும் அமைந்தது. அம்மூலையின் அணைப்பில், கூம்புக் கூரையிட்ட கிணறு. திறந்து கிடந்த மறு புறங்களை இரண்டாங்கட்டு எழுப்பி மூடி, நடுவே முற்றம் விட்டு, அங்கே ஓவியர் பர்ன்-ஜோன்ஸ் குடும்பத்தைக் குடியேற்ற வேண்டுமென்பது மாரிஸின் ஆசை. வெப் அதற்கும் படம் வரைந்தார். ஆனால் 1864-இல் பர்ன்-ஜோன்ஸின் மனைவி கொடுங்காய்ச்சலில் வீழ்ந்தார். பிறந்த குழந்தை சில வாரங்களில் இறந்தது. ஓவியர் திட்டத்திலிருந்து விலகினார். மாரிஸும் மூட்டுகளைத் தாக்கும் காய்ச்சலுக்கு ஆளாகி, லண்டனுக்கு நாள்தோறும் சென்று மீள இயலாதவரானார். வருவாயும் சுருங்கியது. 1865-இல் குடும்பம் லண்டனில் தொழிற்கூடம் இருந்த வீட்டிற்கே குடிபெயர்ந்தது. வாழ்நாள் முழுதும் வாழக் கட்டிய வீட்டில் அவர் வாழ்ந்தது ஐந்தே ஆண்டுகள். மாற்றல் உத்தரவு வந்ததும் அரசுக் குடியிருப்பைக் காலி செய்யும் நமக்குக்கூட அதைவிட நீண்ட தவணை கிடைப்பதுண்டு! பின்னர் 1896-இல் மறையும்வரை மாரிஸ் அவ்வீட்டைப் பார்க்க ஒருமுறையும் செல்லவில்லை.

வீடு பல கைகள் மாறியது. தோட்டங்கள் மறைந்து, சுற்றிலும் பெக்ஸ்லிஹீத் புறநகர் வளர்ந்தது. 1952-இல் எட்வர்ட் ஹாலம்பி என்ற கட்டடக் கலைஞரின் குடும்பமும் நண்பர் குடும்பம் ஒன்றும் சேர்ந்து அதை வாங்கின. இரண்டாங்கட்டு எழாமலேயே இரு குடும்பங்கள் அங்கே சில ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்தன. ஹாலம்பி 1999-இல் மறையும்வரை அங்கேயே இருந்து வீட்டைப் பேணினார். 2003-இல் அது நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்பில் வந்தது. அதன்பின் படுக்கையறை அலமாரி ஒன்றின் பின்னே மறைந்திருந்த சுவரோவியத்தைத் துலக்கியபோது, ஆதாம், ஏவாள், நோவா ஆகியோரின் உருவங்கள் வெளிப்பட்டன. அந்த நண்பர் குழுவின் கைவண்ணமே அது என்று 2013-இல் அறிவிக்கப்பட்டது.