விலக்கு என்னும் வினை

ஆசிரியர் ஒருவர் விடுப்பில் இருந்த நாளில் ஆறாம் ஆண்டு வகுப்புக்குச் சென்றிருந்தேன். மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, வரிவிலக்கு என்றால் வரி கட்ட வேண்டியதில்லை, மதுவிலக்கு என்றால் மது குடிக்கக் கூடாது. ஒரே சொல் விடுதலையும் தடையும் ஆவது எப்படி?" என்று வினவினான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடையும் உடனே வரவில்லை.

விடை சொல்லின் பிறப்பிலேயே உள்ளது. விலகு என்பது தன்வினை. உருகு, உருக்கு என ஆவதுபோல அது ககரம் இரட்டித்து விலக்கு எனப் பிறவினையாயிற்று. ஒன்றை விலகச் செய்தலே அதன் முதற்பொருள். வரியை விலக்கினால் சுமை நீங்குகிறது. மதுவை விலக்கினால் அது குடிப்பவன் கைக்கு எட்டாமற் போகிறது. இரண்டும் இரண்டாம் வேற்றுமைத் தொகையே. தடு என்னும் வினையோ வேறு. அங்கே பொருள் விலகுவதில்லை, வருபவனே நிறுத்தப்படுகிறான். இவ்வேறுபாட்டை மறந்து, நாளிதழ்கள் எதற்கெடுத்தாலும் 'தடை செய்யப்பட்டது' என்று எழுதுவது எனக்கு உடன்பாடன்று.

பிற மொழிகள் இக்கருத்தை வேறு வகையாகக் கண்டன. மலாய்மொழி ஏற்றுக்கொண்ட 'ஹராம்' என்னும் அரபுச் சொல்லின் வேர் விலக்கப்பட்டது, புனிதமானது என இரு பொருளும் தரும். ஆங்கிலத்தின் 'பேன்' பழங்காலத்தில் கூவி அறிவித்தலைக் குறித்தது.

1937 அக்டோபர் 1-ஆம் நாள், இராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது. அதனால் குறைந்த வருவாயை ஈடுகட்டவே 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. ஆக, மாணவன் கேட்ட இரு சொற்களும் வரலாற்றிலும் உறவினரே! ஒரு விலக்கு ஒரு வரியை ஈன்றது. அவ்வரியிலிருந்து விலக்குக் கேட்போர் பின்னர்ப் பெருகினர்.

அரசு விலக்காதிருந்த காலத்தில் மக்கள் மறித்தனர். 1921-இல் ஈரோட்டில் பெரியாரும், நாகம்மையாரும், கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் ஈடுபட்டனர். மறி என்பதற்குத் திரும்பச் செய்தல், வழியில் நின்று தடுத்தல் என்பன பொருள். இலங்கைத் தமிழரிடையே மறியல் என்பது சிறைக்காவலைக் குறிக்கும். விளக்கமறியல் என்பது அங்கே சட்டச் சொல். நம் வழக்கில் மறிப்பவன் செய்வது மறியல். அவர்கள் வழக்கில் மறிக்கப்பட்டவன் இருப்பது மறியல். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சில வேளைகளில் மிகக் குறைவு.

கெப்பாலா பத்தாசிலிருந்து வடக்கே மூடா ஆற்றைக் கடந்தால் கெடா மாநிலம். சுங்கைப்பட்டாணிக்கு அப்பால் பீடோங். 1947-இல் அவ்வட்டாரத் தோட்டங்களில் எழுந்த தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தனர். சேலத்துக்கு வாய்த்த சட்டம் அவர்களுக்கு வாய்க்கவில்லை. கடை உரிமம் பெற்று நடந்தது; ஆதலால் காவல் துறை கடையை நோக்கி வரவில்லை, மறித்தவரை நோக்கியே வந்தது.

இதனை வகுப்பில் கூறியபோது, தன் கொள்ளுப் பாட்டனார் பீடோங்கில் பால்மரம் வெட்டியவர் என்றான் அம்மாணவன். மறியலில் நின்றவரா என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.