குழந்தைக்கு ஹெர்னியா: ஒரு டாக்டர் லேப்ராஸ்கோப்பி என்கிறார், இன்னொருவர் ஓப்பன் என்கிறார்... ஏன்?

குழந்தை அழும்போது தொடை இடுக்கில் ஒரு புடைப்பு தெரிகிறது. அழுகை நின்றதும் காணோம். 'ஹெர்னியா, ஆபரேஷன் பண்ணணும்' என்கிறார் டாக்டர். ஒருவர் லேப்ராஸ்கோப்பி என்கிறார், இன்னொருவர் 'சின்னதா கீறினாலே போதும்' என்கிறார். யார் சொல்வது சரி? பெரும்பாலும் இரண்டுமே சரிதான்!

ஏன் வருகிறது?

கருவில் இருக்கும்போது ஆண் குழந்தையின் விதைகள் வயிற்றுக்குள் உருவாகி, பிறகு கீழே இறங்கும். அந்தப் பாதை தானாக மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் அதன் வழியே குடல் இறங்கும். இதுதான் குடலிறக்கம். பெண் குழந்தைகளுக்கும் வரும், சில நேரம் சினைப்பையே இறங்கிவிடும். நிறைமாதக் குழந்தைகளில் 100க்கு 1 முதல் 5 பேருக்கு இது வருகிறது. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு இன்னும் அதிகம்.

தொப்புள் புடைப்பு வேறு கதை. பெரும்பாலும் 4, 5 வயதுக்குள் அதுவாகவே மூடிவிடும், காசு வைத்துக் கட்ட வேண்டியதில்லை. தொடை இடுக்கு ஹெர்னியா அப்படி மூடாது, ஆபரேஷன்தான் தீர்வு.

இரண்டு முறைகள் என்ன?

பெரியவர்களுக்கு வைப்பது போல குழந்தைகளுக்கு வலை வைப்பதில்லை. திறந்திருக்கும் பாதையின் வாயைக் கட்டினாலே போதும்.

* ஓப்பன்: தொடை இடுக்குக்கு மேலே சிறிதாகக் கீறி, பையைப் பிரித்துக் கட்டுவார்கள்.
* லேப்ராஸ்கோப்பி: தொப்புள் வழியாக கேமரா போகும், வாயை உள்ளிருந்து பார்த்துக் கட்டுவார்கள். தோல் வழியாக ஊசியை மட்டும் செலுத்தி முடிச்சுப் போடும் 'பிர்ஸ்' முறையும் உண்டு. போலந்தின் தாரியுஷ் பாட்கோவ்ஸ்கி குழு 2006இல் இதை வெளியிட்டது.

டாக்டர்கள் ஏன் மாறுபடுகிறார்கள்?

1. மறுபக்கம்: கேமராவில் அடுத்த பக்கமும் தெரியும். அங்கேயும் திறந்திருந்தால் கையோடு மூடிவிடலாம் என்பது ஒரு தரப்பு. ஆனால் திறந்திருக்கும் எல்லோருக்கும் ஹெர்னியா வருவதில்லை. ஒரு பக்கம் ஆபரேஷன் ஆன 100 பேரில் சுமார் 7 பேருக்குத்தான் பின்னாளில் மறுபக்கம் வருகிறது. 'வராத நோய்க்கு எதற்குத் தையல்?' என்பது எதிர்த்தரப்பு.

2. மயக்க மருந்து: லேப்ராஸ்கோப்பிக்கு வயிற்றில் வாயு நிரப்ப வேண்டும், அதனால் முழு மயக்கம் தேவை. ஓப்பன் முறையை, கைக்குழந்தைகளுக்கு முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்தும் செய்யலாம். முழு மயக்கம் மூளையைப் பாதிக்குமா என்று பயப்படும் பெற்றோருக்கு ஓர் ஆறுதல்: ஹெர்னியா ஆபரேஷன் செய்த கைக்குழந்தைகளை வைத்து நடந்த 'காஸ்' ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான முழு மயக்கத்தால் 5 வயதில் அறிவுத்திறனில் வித்தியாசம் தெரியவில்லை.

3. யாருக்கு ஆபரேஷன்: ஆண் குழந்தைக்கு விந்துக்குழாயும் ரத்தக்குழாயும் பாதையை ஒட்டியே இருக்கும், எந்த முறையிலும் கவனம் தேவை. பெண் குழந்தைக்கு விந்துக்குழாய் சிக்கல் இல்லை, சினைப்பையையும் கேமராவில் பார்க்கலாம். ஓப்பன் செய்து மீண்டும் வந்த ஹெர்னியா என்றால், பழைய தழும்பைத் தொடாமல் உள்ளிருந்து போவது வசதி.

4. கைப்பழக்கம்: சர்ஜன் எதை அதிகம் செய்து பழகியிருக்கிறாரோ, அதில்தான் அவர் கை ஓடும். இது ரொம்ப முக்கியம்.

குறைமாதக் குழந்தைக்கு எப்போது?

இங்கே முறையைவிட நேரம் முக்கியம். 2024இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் முன்பே ஆபரேஷன் செய்தவர்களில் 28 சதவீதம் பேருக்குத் தீவிர பாதிப்பு ஏற்பட்டது. தள்ளிவைத்தவர்களில் இது 18 சதவீதம். ஆனால் தள்ளிவைப்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், நாமாக அல்ல.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

* இந்த வயதுக் குழந்தைகளுக்கு நீங்கள் எந்த முறையில் அதிகம் செய்கிறீர்கள்?
* மறுபக்கம் திறந்திருந்தால் மூடுவீர்களா?
* எந்த வகை மயக்க மருந்து? குழந்தைகளுக்கான மயக்கவியல் டாக்டர் இருப்பாரா?

உடனே ஓட வேண்டியது எப்போது?

புடைப்பு உள்ளே போகாமல் கல் மாதிரி இறுகினால், சிவந்தால், குழந்தை விடாமல் அழுது வாந்தி எடுத்தால், அது அவசர நிலை. குடல் சிக்கி ரத்த ஓட்டம் நின்றுபோகலாம். நீங்களே அழுத்தித் தள்ளிப் பார்க்காதீர்கள், பால் கொடுக்காதீர்கள். ராத்திரி என்றாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.