கயிறு கொடாத விற்பனை: புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்துக் கால்நடைகளும் அவற்றைப் பிரிந்தோரும்

சிங்கப்பூரின் வடமேற்கில் உள்ள புக்கிட் பாஞ்சாங், இன்று அடுக்குமாடி வீடுகளும் 1999-இல் ஓடத் தொடங்கிய இலகு ரயிலும் கொண்ட நகரமாக விளங்கினாலும், 1970-கள் வரை பன்றி, கோழி, வாத்து வளர்த்தோரும், காய்கறி பயிரிட்டோரும், அருகிருந்த கல்மலைகளில் பாறை உடைத்தோரும் வாழ்ந்த கம்பங்களின், அதாவது தகரமோ அத்தாப்பு ஓலையோ வேய்ந்த வீடுகளைக் கொண்ட சிற்றூர்களின், தொகுப்பாகவே இருந்தது. அங்கிருந்து கால்நடைகள் வெளியேறிய வரலாறு பெரும்பாலும் சுகாதாரத்தின் வரலாறாகவும் குடிநீரின் வரலாறாகவும் நிலப்பயன்பாட்டின் வரலாறாகவுமே எழுதப்பட்டுள்ளது. இம்மூன்றும் உண்மையே ஆயினும், தன் கையால் தீவனம் வைத்து வளர்த்த உயிரை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வெறும் தொழுவத்துக்குத் திரும்பியவர்களின் துயரத்துக்கு அவற்றில் இடம் கிடைக்கவில்லை. அத்துயரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை அறியப் புலம்பெயர்ந்த தமிழர் தம்முடன் கொண்டுவந்த வழக்கங்களிலிருந்து தொடங்க வேண்டும்.

மாட்டை விற்பவர் மாட்டை மட்டுமே தருவார், அதைக் கட்டியிருந்த கயிற்றைத் தரமாட்டார், புதுக்கயிற்றை வாங்குபவரே கொண்டுவர வேண்டும் என்பது தமிழகத்தின் பல வட்டாரங்களில் இன்றும் நிலவும் வழக்கம். கயிற்றோடு கொடுத்தால் தொழுவத்தின் ராசியும் உடன் போய்விடும் என்று அதற்குக் காரணம் சொல்வர். அந்தக் காரணத்தை நம்பினாலும் நம்பாவிட்டாலும், வழக்கம் செய்த வேலை தெளிவானது: பத்தாண்டு பழகிய உயிரைப் பறிகொடுத்தவர் வெறுங்கையோடு வீடு திரும்பாதபடி அது பார்த்துக்கொண்டது. சந்தையில் தரகர், அதாவது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே நின்று விலை முடித்துத் தரகுக்கூலி பெறுபவர், துண்டால் கையை மூடி விரல்களைத் தொட்டே விலை பேசியதும் இத்தகையதே. பிறர் அறியாமல் பேரம் நடத்துவதே அதன் முதல் நோக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் வளர்த்தவர் தன் மாட்டின் விலை கூவப்படுவதைக் காதால் கேட்காமல் இருக்கவும் அது வழிசெய்தது. அதற்கும் முன்பாக விற்பவர் அறிய விரும்பியது, மாடு வளர்ப்புக்குப் போகிறதா வெட்டுக்குப் போகிறதா என்பதையே. உழவுக்கோ கறவைக்கோ வாங்கப்படும் மாட்டையும், அடிமாடு எனப்படும், இறைச்சிக்காகவே வாங்கப்படும் மாட்டையும் சந்தை வேறுபடுத்தியே பேசியது. முன்னதாயின், மாடு எந்த ஊரில் யார் வீட்டில் நிற்கிறது என்று தெரிந்திருக்கும், அவ்வழியே போகும்போது பார்த்துவிட்டும் வரலாம்.

இவ்வழக்கங்களில் வளர்ந்தோர் வந்து சேர்ந்த சிங்கப்பூரில், இந்தியரின் மாட்டுத்தொழில் வேர்விட்ட இடம் சிராங்கூன் சாலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்நிலத்தில் தண்ணீரும் புல்லும் தாராளமாகக் கிடைத்தமையால் அங்கே எருமைக் கொட்டில்களும் மாட்டுப் பட்டிகளும் பெருகின. கல்கத்தாவிலிருந்து வந்த யூத வணிகரான ஐசக் ரஃபேல் பெலிலியோஸ் அங்கே பெரும் மாட்டு வியாபாரியாக விளங்கினார். பெலிலியோஸ் சாலை, பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை ஆகிய பெயர்களில் அந்தக் காலம் இன்றும் நிற்கிறது. தமிழரும் வட இந்தியரும் அங்கே மாடு மேய்ப்போராகவும் பால்காரராகவும் பிழைத்தனர். நகரம் நெருங்கி வளர வளர, மாட்டுக்கொட்டில்கள் நோய்க்கும் நாற்றத்துக்கும் காரணமென்று கருதப்பட்டன. 1930-களில் நகராட்சி விதித்த கட்டுப்பாடுகளால் அத்தொழில் அங்கே ஒடுங்கியது. பால்மாடு வைத்திருந்தோர் நகரத்தின் விளிம்புகளை நோக்கி நகர்ந்தனர், மாடுகளும் அவர்களோடு நகர்ந்தன. மாட்டை விட்டுப் பிரியும்படி அன்று நேரவில்லை என்பதே அந்த இடப்பெயர்வுக்கும் பின்னாளில் வந்ததற்கும் உள்ள பெரும் வேறுபாடு.

ஆயினும் பால்காரரின் அன்றாடத்திலேயே பிரிவு பொதிந்திருந்தது. பசு ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல் சினை சுமந்து, கன்று ஈன்றபின் ஏறத்தாழப் பத்து மாதம் பால் தரும். அதன்பின் பால் வற்றி, அடுத்த ஈற்று வரை அதற்குப் புண்ணாக்கும் தவிடும் புல்லும் கைக்காசிலிருந்தே போட வேண்டும். காளைக்கன்று பிறந்தால், உழவில்லாத ஊரில் அதை வைத்து எதுவும் செய்வதற்கில்லை. தமிழகச் சிற்றூரில் வற்றிய பசுவை வாரத்துக்கு விடலாம். அதாவது, வேறொருவர் அதை மேய்த்துப் பராமரிக்க, பிறக்கும் கன்றை இருவரும் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளலாம். மேய்ச்சல் நிலம் அருகிவந்த தீவில் அதற்கு இடம் குறைவு. இந்தியப் பெருநகரங்களிலேயே இந்நெருக்கடி கொடிய வடிவம் எடுத்திருந்தது: கல்கத்தா மாட்டுக்காரர் கறவை மாடுகளுக்குச் செய்த வதைகளைப் பற்றிப் படித்ததும், 1912-இல் தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் காந்தி பாலை விட்டதற்குக் காரணங்களுள் ஒன்று. மாட்டுக்காரரின் மனம் கல்லாகியிருந்தது என்று மட்டும் இதற்குப் பொருள் கொள்வது நேர்மையாகாது. வற்றிய மாட்டுக்குத் தீனி போட்டால் குழந்தைகளின் சோற்றில் குறையும் என்ற நிலையில் நிற்பவர், கண்ணீரோடும் விற்பார், கண்ணீரை மறைத்தும் விற்பார்.

இன்று புக்கிட் பாஞ்சாங் நகரத் திட்டப் பகுதிக்குள் அடங்கும் டெய்ரி பார்ம் என்னும் இடம், மாட்டோடு மனிதர் கொள்ளக்கூடிய வேறொரு உறவுக்குச் சான்று. கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனம் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே நிறுவிய சிங்கப்பூர் டெய்ரி பார்ம், குளிர்நாட்டு இனமான ஃப்ரீசியன் பசுக்களை வெப்ப மண்டலத்தில் வளர்த்து, கிருமி நீக்கிய பாலை நகரத்துக்கு அனுப்பியது. அதன் பழைய தொழுவங்களுள் ஒன்று, 2009-இல் திறக்கப்பட்ட டெய்ரி பார்ம் இயற்கைப் பூங்காவில் வாலஸ் கல்வி நிலையமாக இப்போதும் பயன்படுகிறது. நிறுவனத்துக்குப் பசு ஒரு சொத்து. அது வாங்கப்படுவதும் கழிக்கப்படுவதும் கணக்கேட்டின் இரு பக்கங்கள். மூன்று நான்கு பசுக்களை வைத்திருந்த குடும்பத்துக்கோ, ஒவ்வொரு பசுவுக்கும் பெயரும் குணமும் தாய்வழியும் உண்டு. மடியைத் தொட்டால் உதைக்கும் பசு எது, பெண்கள் கைக்கு மட்டும் பால் சுரக்கும் பசு எது என்பது வீட்டாருக்குத் தெரியும். நிறுவனப் பண்ணையிலும், நாள்தோறும் பால் கறந்த கைகளுக்கு அப்பசுக்கள் வெறும் சொத்தாக இருந்திருக்க முடியாது.

முழுமையான பிரிவைக் கொண்டுவந்தது தண்ணீரே. 1975-இல் கட்டி முடிக்கப்பட்ட கிராஞ்சி நீர்த்தேக்கத்துக்கு நீர் வந்து சேரும் நிலப்பரப்பு, அதாவது நீர்ப்பிடிப்புப் பகுதி, புக்கிட் பாஞ்சாங் வரை எட்டியது. அத்தகைய பகுதிகளில் பன்றிப்பண்ணைக் கழிவு குடிநீரில் கலக்க விடலாகாது என்பதில் அரசு உறுதியாக இருந்தது. பண்ணையாளர் பலர் தீவின் வடகிழக்கிலுள்ள பொங்கோலுக்கு மாற்றப்பட்டனர். 1977 முதல் 1987 வரை நடந்த சிங்கப்பூர் ஆற்றுத் தூய்மைத் திட்டத்தில், காலாங் படுகையிலிருந்து மட்டும் 610 பன்றிப்பண்ணைகளும் 500 வாத்துப்பண்ணைகளும் அகற்றப்பட்டன. 1984-இல், பன்றி வளர்ப்பே படிப்படியாக நிறுத்தப்படும் என்று அரசு அறிவித்தபின், பொங்கோலுக்குப் போனோரும் 1990-ஐ ஒட்டித் தொழிலை விட்டனர். சிலர் வேறு உயிர்களுக்கு மாறினர். 1988-இல் ஆட்டுப்பால் பண்ணையான ஹே டெய்ரீசைத் தொடங்கியது, முன்பு பன்றி வளர்த்த குடும்பமே. நாடு குடிக்கும் நீரைக் காப்பது சரியான முடிவு என்பதை மறுப்பதற்கில்லை. அந்த முடிவுக்கான விலையில் ஒரு பகுதியைச் செலுத்தியவர்கள் யார் என்பதைச் சொல்லாமல் விடுவதே தவறு.

பன்றி வளர்த்த சீனக் குடும்பங்களுக்கு விற்பனை புதிதல்ல. இறைச்சிப்பன்றி ஏறத்தாழ ஆறு மாதத்தில் எடைக்கு வந்துவிடும். வளர்ப்பதே விற்பதற்குத்தான் என்பது முதல்நாளே தெரியும். ஆனால் ஈற்றுக்கு ஈற்று குட்டி போட்டுக் குடும்பத்தைத் தாங்கிய தாய்ப்பன்றி ஆண்டுக்கணக்கில் உடனிருந்தது. கடைசி விற்பனையில் அதுவும் போயிற்று. பசு வளர்த்தோருக்கு இது இன்னும் கடுமை. கம்பத்தை விட்டுக் குடிபெயர வேண்டியிருந்த அடுக்குமாடி வீட்டில் பசுவுக்கு இடமில்லை. பக்கத்துக் கம்பத்தாரும் அவ்வாறே குடிபெயர வேண்டியிருந்தமையால் வளர்ப்புக்கு வாங்கக்கூடியவர் அருகிப் போயினர். வளர்ப்புக்கா வெட்டுக்கா என்று கேட்கும் உரிமையே வழக்கத்தின் உயிராக இருந்தது. அந்த உரிமை நிபந்தனை விதிக்க இயலாத விற்பனையில் பொருளற்றுப்போயிற்று. மறுகுடியமர்த்தலின்போது, அதாவது கம்பத்தாரை அடுக்குமாடி வீடுகளில் குடியேற்றியபோது, கொட்டகை, பழமரம் போன்றவற்றுக்குக் கணக்கிட்டுத் தொகை வழங்கினர். பிரிவுக்குக் கணக்கிடும் முறை எந்த அரசிடமும் இல்லை.

இன்று சிங்கப்பூரில் கறவை மாடுகளைக் காண லிம் சூ காங் வரை போக வேண்டும். பொங்கல் நாட்களில் அங்கிருந்து பசுவும் கன்றும் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேன் பக்கம் கொண்டுவரப்பட்டு, மாட்டுப்பொங்கல் கொண்டாடப்படுவது பல ஆண்டு வழக்கம். அங்கே கன்றைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு அது அரிய காட்சி. அவர்களை அழைத்துவரும் தாத்தா பாட்டிமாருள் சிலர் ஒரு காலத்தில் அதே கைகளால் சீம்பால் கறந்தவர்கள். சிங்கப்பூரின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் மக்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்து வருகிறது. கம்பத்தில் மாடு வைத்திருந்த தமிழ்க் குடும்பத்தாரும், டெய்ரி பார்மில் பால் கறந்தோரின் பிள்ளைகளும், தம் வீட்டுப் பசுக்களின் பெயரையும், அவற்றைக் கடைசியாக யாரிடம் எந்த ஆண்டு விற்றோம் என்பதையும், விற்ற நாளில் வீட்டில் என்ன நடந்தது என்பதையும், நினைவுள்ள பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பதிவு செய்துவைக்க வேண்டும்.